புயல் நாளின் டூட்டி லிஸ்ட்

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கடலோர மாவட்டங்களில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுவது வழக்கம். 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது அரசு பொது விடுமுறையே விட்டது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் அப்படி ஒரு நாள் கிடையாது. அதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் வார்டு நர்ஸ் வந்தே தீர வேண்டும் என்பவர்களே, "சூப்பிரண்டு மேடம் எதுக்கு? வீட்டிலிருந்து போனில் சொன்னால் போதாதா?" என்கிறார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற செவிலியர் கண்காணிப்பாளர்கள் சிலரும் என்னிடம் இதைக் கேட்டதுண்டு. கடலோர அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வர வேண்டும் என்பதுதான் என் பதில். அதுவும் புயல் அடிக்கும்போது கிளம்பி அல்ல, அடிப்பதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

போனை நம்பலாம் என்பவர்கள் டெல்டாக்காரர்களைக் கேட்டுப் பார்க்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்குக் கரன்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல்போன் டவர்களும் செத்துக் கிடந்தன. அந்த நேரத்தில் வீட்டிலிருக்கும் அதிகாரி யாருக்கு, எதில் உத்தரவு போடுவது?

சரி, வந்து என்ன செய்கிறார் என்று கேட்கலாம். புயல் நாளில் வார்டுகளின் கணக்கே மாறிவிடும். எலும்பு முறிவு வார்டில் முதல் நாளே பலர் டிஸ்சார்ஜ் கேட்டுப் போயிருப்பார்கள். பிரசவ வார்டு நிரம்பி வழியும். பிரசவ தேதி நெருங்கிய பெண்களைத் தாழ்வான ஊர்களிலிருந்து முன்கூட்டியே கொண்டுவந்து சேர்ப்பது நம் சுகாதாரத் துறையின் நல்ல வழக்கம். ஆக, இந்த வார்டிலிருந்து இரண்டு பேரை எடுத்து அந்த வார்டில் போட வேண்டும். ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இன்னொரு ஸ்டாஃப் நர்ஸைப் பார்த்து "நீ லேபர் வார்டுக்குப் போ" என்று சொல்ல முடியாது. சொன்னாலும் அங்கே மனஸ்தாபம்தான் மிஞ்சும். எல்லா வார்டையும் ஒரு சுற்று சுற்றிவந்து, எங்கே எத்தனை கை இருக்கிறது என்று பார்த்தவர்தான் அதைச் சொல்ல முடியும்.

கை என்று சும்மா சொல்லவில்லை. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஜெனரேட்டரும் பேட்டரியும் கைவிட்டால் மிச்சம் இருப்பது கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் ஒன்றுதான். பெரியவர்களுக்கு ஐந்தாறு விநாடிக்கு ஒரு தடவை அதை அழுத்த வேண்டும். பார்க்கச் சுலபம், கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிடும், தாளம் தப்பும். அதற்குள் அடுத்த கை வந்தாக வேண்டும். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயலில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாங்கோன் மருத்துவமனை இருட்டானபோது, தீவிர சிகிச்சையில் இருந்த 20 பச்சிளங்குழந்தைகளை ஒன்பதாவது மாடியிலிருந்து படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். சுவாசக் கருவியில் இருந்த குழந்தைகளுக்கு, இறங்கிக்கொண்டே கையால் மூச்சு கொடுத்தார்கள் நர்ஸ்கள். எந்தக் குழந்தை முதலில், யார் தூக்குவது, யார் டார்ச் பிடிப்பது, யார் சிலிண்டர் எடுப்பது என்பதையெல்லாம் அந்த மாடியிலேயே நின்றுதான் முடிவு செய்ய முடியும்.

இன்னொரு வேலை இருக்கிறது. யாரும் அதை வேலை என்றே நினைப்பதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. நாங்கள் இருந்த ஆஸ்பத்திரி வாசலில் மரம் விழுந்து வழி அடைத்துவிட்டது. காலை டூட்டிக்கு வர வேண்டியவர்களில் பாதிப் பேரைக் காணோம். நைட் பார்த்த பிள்ளைகள் ஓவர் கொடுக்க ஆளில்லாமல் அப்படியே மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு வீட்டில் கைக்குழந்தை. என்ன ஆனதோ என்று தகவல் இல்லை. அழுதுகொண்டே டிரிப் செட்டை மாற்றினாள். இரவு முழுக்கக் கண் விழித்தவள் இன்சுலின் அளவைத் தப்பாக இழுத்துவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? லினன் ரூமில் பெட்ஷீட் மூட்டைகளைப் பிரித்துப் போட்டு, இரண்டிரண்டு பேராகப் படுக்கச் சொன்னோம். "நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கு, உன் வார்டை நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால்தான் அந்தப் பிள்ளை நகரும். சொல்கிறவர் எதிரில் நிற்க வேண்டும். சொன்னபடி டிராலியையும் தள்ள வேண்டும். தள்ளத் தெரியாமல், பேனாவும் வருகைப் பதிவேடுமாக வந்து யார் யார் லேட் என்று குறித்துக்கொண்டு போகும் அதிகாரி அன்றைக்கு வராமல் இருப்பதே நல்லது.

இதையெல்லாம் சொல்வதால், உயிரைப் பணயம் வைத்து வாருங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களைப் புரட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. சாலைகள் அறுந்தன, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்துக் கிடந்தார்கள். அப்படிப்பட்ட தண்ணீரில் இறங்கி வருவதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். நம்மை மீட்க ஒரு படகு வர வேண்டியிருந்தால், அந்தப் படகு வேறு யாரோ ஒரு கர்ப்பிணிக்குக் கிடைக்காமல் போகிறது. அதனால்தான் முன்கூட்டியே வரச் சொல்கிறேன். இப்போது புயல் சொல்லாமல் வருவதில்லை. வானிலை ஆய்வு மையம் பல நாட்களுக்கு முன்பே தடம் போட்டுக் காட்டிவிடுகிறது. மாற்றுத்துணி, தன் மாத்திரை, டார்ச் எடுத்துக்கொண்டு முதல் நாளே வந்துவிட அது போதும்.

எல்லோரும் வர வேண்டியதும் இல்லை. அமெரிக்காவில் புளோரிடா, டெக்சாஸ் கடற்கரை மருத்துவமனைகளில் ஊழியர்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். புயல் கடக்கும் வரை உள்ளேயே தங்க ஓர் அணி, கடந்த பிறகு தூங்கி எழுந்த தெம்போடு வந்து அவர்களை விடுவிக்க ஓர் அணி. மேற்பார்வையாளர்களும் இதேபோல் இரண்டாகப் பிரிய வேண்டும். படுத்த படுக்கையான மாமியார், பால் குடிக்கும் பிள்ளை வைத்திருப்பவர்கள் இரண்டாவது அணியில் இருக்கட்டும். அவர்களைக் கடமை தவறியவர்கள் என்று பேசுவதும், வர முடியாமல் போனவருக்கு மெமோ கொடுப்பதும் மனிதர் செய்கிற காரியமல்ல.

உள்ளே தங்குகிறவர்களுக்கு மருத்துவமனை நிர்வாகம் மூன்று காரியங்களாவது செய்ய வேண்டும்: பூட்டுப் போட வசதியுள்ள ஒரு அறையும் கழிப்பறையும், சூடான சாப்பாடு, தங்கிய நேரத்துக்கு ஈடான ஆஃப். இதைக் கொடுக்காமல் சேவை மனப்பான்மை பற்றி மைக் பிடிப்பதில் பயனில்லை.

கண்காணிப்பாளர்களுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த ஐப்பசி பிறப்பதற்குள் புயல் நாளுக்கென்று தனியாக ஒரு டூட்டி லிஸ்ட் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். அதன் முதல் வரியில் உங்கள் பெயரை எழுதுங்கள்.