குப்பியில் எழுதிய அளவு

ஓசூர் சிப்காட் ஆலைகளின் வேலைநீக்க வழக்குகள்தாம் எனக்குத் தொழில். ஆனால் என்னை மிகவும் யோசிக்க வைத்த தீர்ப்பு, லோசான் நகரின் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2016 ஜூலையில் சொன்னது. பனிச்சறுக்கு ஓட்டத்தைப் பற்றியது.

'டூர் டி ஸ்கீ' 2006 இறுதியில் தொடங்கிய பந்தயம். புத்தாண்டை ஒட்டிப் பல ஊர்களில் பல கட்டங்களாக நடக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போவார்கள். முந்தி வருபவர்களுக்குப் போனஸ் விநாடிகள் கழியும். சில நாள்களில், அதுவரை உள்ள இடைவெளிப்படியே ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட விடுவார்கள். முடிவில் இத்தாலியின் அல்பே செர்மிஸ் மலைச்சரிவில் ஏற வேண்டும். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்கே பட்டம். ஒரு கட்டம் கணக்கிலிருந்து விழுந்தால் மொத்தமும் விழும்.

2015 ஜனவரியில் வென்றவர் நார்வேயின் மார்ட்டின் யான்ஸ்ருட் சுண்ட்பி. ஆஸ்துமா உள்ளவர். சால்பியூட்டமாலை நெபுலைசர் வழியாக எடுத்துக்கொண்டார். புழுதியும் பனியும் சேர்ந்த எங்கள் ஊரில் பல வீடுகளில் இருக்கும் அதே மருந்து. ஒரு நாளைக்கு 1,600 மைக்ரோகிராம் வரை இழுக்கலாம் என்பது விதி. எதை அளப்பது என்பதில்தான் சிக்கல். நெபுலைசரில் ஊற்றுவதில் பெரும்பகுதி வீணாகிறது, நுரையீரலுக்குள் போவதே அளவு என்றது அவர் தரப்பு. குப்பியில் எழுதியிருப்பதே அளவு என்றது உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் குழு அவரை விடுவித்தது. மேல்முறையீட்டில் முகமை வென்றது.

ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதால் தடை இரண்டே மாதம். ஆனால் 2014 டிசம்பர் தாவோஸ் பந்தயமும் அந்த டூரின் டோப்லாக் கட்டமும் ரத்து. டோப்லாக் போனதும் டூர் பட்டம் பெட்டர் நார்த்துக்குக்குப் போனது. அந்தப் பருவத்தில் அவர் வென்றிருந்த உலகக் கோப்பை டாரியோ கொலோனாவுக்கு.

தவறு சிறிது, இழப்பு முழுது. இதில் முரண் இல்லை என்பதே என் எண்ணம். தவறின் எடையைப் பார்த்துத் தடையைக் குறைக்கலாம். ஆனால் அடுத்து வந்தவர் விதிக்குள் நின்று ஓடிய நேரத்துக்கு உரிமை உண்டு. முன்கூட்டியே மருத்துவ அனுமதி கேட்டிருக்கலாம் என்பதும் நியாயமே. நான் ஏற்காதது ஒன்றுதான்: எதை அளப்பது என்று விதி தெளிவாகச் சொல்லாதபோது, அந்தச் சந்தேகத்தின் சுமையை விதி எழுதியவர் அல்லவா தாங்க வேண்டும்?

எதை அளப்பது என்ற இதே கேள்வி தளிப் பக்கத்து இளைஞர் ஒருவரின் வழக்குக் கட்டோடு என் மேசைக்கு வந்தது. வாகன உதிரிபாக ஆலையில் வேலை. அன்று நடைமுறையில் இருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 25பி பிரிவுப்படி, 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது தொடர்பணி. பிறகு ஒரு மாத நோட்டீசும் இழப்பீடும் இல்லாமல் நிறுத்த முடியாது. பஞ்சிங் பதிவான நாள்களை மட்டும் கூட்டி, 240 வரவில்லை என்றது நிர்வாகம்.

"ஞாயித்துக்கிழமையும் நான் கம்பெனி ஆளுதானே சார்?" என்று அவர் கேட்டார். வாதமே அதுதான். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர் வழக்கில், 1985இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர் பக்கம் நின்றது: ஞாயிறும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் கணக்கில் சேரும், தொழிலாளர் நலச் சட்டத்தைச் சுருக்கிப் படிக்கக் கூடாது.

சம்பளப் பதிவேட்டை வரவழைத்தோம். "ஞாயிறுக்குச் சம்பளம் போட்டிருக்கிறீர்களா?" என்று தொழிலாளர் நீதிமன்ற நீதிபதி கேட்டார். போட்டிருந்தார்கள். அந்த நாள்களையும் சேர்த்ததும் 240 தாண்டியது. நோட்டீசும் இழப்பீடும் கொடுக்காமல் செய்த நீக்கம் செல்லாது என்று உத்தரவானது. பணித்தொடர்ச்சியோடு அவர் வேலைக்குத் திரும்பினார்.