பழுதா? புதிதா?

மூன்றாமாண்டு இயற்பியல் மாணவி

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தமிழ்த்துறைப் பேராசிரியர் அறிவித்ததும் நிலவைப் பற்றியும் நட்பைப் பற்றியும் எழுத என் வகுப்பில் பலர் முந்திக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் மரச்செதுக்குப் பொறி ஒன்றுதான். ஆறு மாத காலம் எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்தால் அதைப் பற்றிய பேச்சே பேச்சு. பழுது பார்த்து வைத்துக்கொள்வதா, தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா? இவ்வினாவுக்கு விடை தேடப் போய், நம் ஆய்வகத்தில் கற்ற ஒரு பாடம் தாழ்வாரத்தில் பயன்பட்டது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். மரச்சிற்பம் வாங்குவோர் அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஊரை அறிவர். சாமி உருவங்கள், வாசற்கதவுகள், பூசை மண்டபங்கள் என்று இங்கே செதுக்கப்படும் மரம் வெளியூர்களுக்கெல்லாம் போகிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. என் தந்தையார் முப்பது ஆண்டுகளாக உளி பிடிப்பவர். கொட்டாப்புளி அடித்து அடித்து வலக்கைத் தோள் மூட்டில் வலி வரத் தொடங்கியபோதுதான், 2013-இல், கடன் வாங்கி இந்தப் பொறியைக் கொண்டுவந்தார். முரட்டுச் செதுக்கலைப் பொறி செய்யும். முகம், விரல், நகைகள், இதழ் நுனி ஆகியவற்றை அவர் கையால் முடிப்பார். வாங்க வருகிறவரிடம் எது பொறி செய்தது, எது கை செய்தது என்று கேளாமலேயே சொல்லிவிடுவார். அதனால் சில சமயம் வியாபாரம் கெட்டதும் உண்டு.

பொறியைப் பாராதவர்களுக்காக இரண்டொரு வரி. இரண்டடி அகலமும் மூன்றடி நீளமும் உள்ள இரும்பு மேசை. அதன் மேல் பாலம் போல ஒரு சட்டம் முன்னும் பின்னும் நகரும். சட்டத்தில் ‘ஸ்பிண்டில்’ என்னும் சுழல் மோட்டார் தொங்கும். அதன் வாயில் துளைக்கும் ஊசி போன்ற வெட்டுங்கருவி. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 24,000 சுற்று. வீட்டு மின்சாரத்தின் 50 அலைவெண்ணை ஒரு பெட்டி 400 ஆக உயர்த்தித் தருவதால்தான் இந்த வேகம் சாத்தியம். சட்டத்தை நகர்த்துபவை நீளமான திருகுத் தண்டுகள். தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் சட்டம் 5 மி.மீ. போகும். நம் திருகு அளவியைப் பத்து மடங்கு பெரிதாக எண்ணிக்கொள்ளுங்கள், தத்துவம் அதுவே.

இந்தப் பொறிக்கு மூன்று நோய்கள் வந்தன.

முதலாவது, சத்தம். ஸ்பிண்டில் ஓடும்போது ரீங்காரத்தோடு ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது. அப்பா உளியின் இரும்பு முனையை மோட்டார் உடம்பில் வைத்து, மரப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். “கீழ் பேரிங்கு போச்சு” என்றார். அவிழ்த்துப் பார்த்தபோது அதுவே சரியாக இருந்தது.

இரண்டாவது, கணிப்பொறி. பொறியோடு வந்த பழைய பெட்டி அது. அச்சுப்பொறிக்கென்று அக்காலத்தில் இருந்த 25 முள் இணைப்பின் வழியாகவே மோட்டார்களுக்குக் கட்டளை போகும். இப்போது விற்கும் கணிப்பொறிகளில் பெரும்பாலும் அந்த இணைப்பே கிடையாது. இருந்தாலும், எங்களிடம் உள்ள ‘மேக்3’ மென்பொருள் அதை 32 பிட் விண்டோசில் மட்டுமே ஆளும். எங்கள் பெட்டியில் ஓடியது விண்டோஸ் எக்ஸ்.பி.; அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது. உள்ளே மின்தேக்கிகள் தலை வீங்கியிருந்தன. பாதி வேலையில் திரை உறைந்துவிடும், சட்டம் நின்றுவிடும், வெட்டுங்கருவி மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்று தேக்கைக் கருக்கிவிடும். பொறியை விற்றவர்களோ எப்போதோ கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்றாவது நோய்தான் எங்கள் வீட்டை இரண்டு கட்சியாக்கியது. செதுக்கி வரும் உருவங்களின் ஓரம் பல் பல்லாக, வாள் பட்டது போல வரத் தொடங்கியது. வட்டப் பொட்டு வட்டமாக வரவில்லை. “தண்டே தேஞ்சு போச்சு அண்ணே. கட்டையில போற மிஷினுக்கு மருந்து வாங்காதீங்க” என்றார் சித்தப்பா. அவர் சேலத்தில் கதவு வியாபாரம் செய்பவர். நாலு இடம் பார்த்தவர். நாலடிக்கு எட்டடி மேசையுள்ள புதுப் பொறிக்கு விலைப்புள்ளியும் வாங்கி வந்துவிட்டார்: வரி உட்பட 4,60,000 ரூபாய். முழுக் கதவையும் ஒரே தடவையில் வைத்துச் செதுக்கலாம். எங்கள் பொறியில் கதவைத் துண்டு துண்டாகச் செதுக்கி இணைக்கவேண்டியிருக்கிறது என்பது உண்மை.

அம்மா கணக்கு நோட்டை எடுத்தார். தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3,00,000 ரூபாய் வரை கடனும், அதில் 50,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. 35 வயது கடந்திருக்கவேண்டும் என்ற விதி அப்பாவுக்குத் தடையில்லை. மானியம் போக 2,50,000 ரூபாயை 11 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 5,400 ரூபாய். வட்டிச் சலுகை கிடைத்தால் இன்னும் குறையும். மீதி 1,60,000 ரூபாய்க்கு அக்காவின் திருமணத்துக்கென்று வைத்திருக்கும் நகை வங்கிக்குப் போகவேண்டும். மும்முனை மின்இணைப்பும், தாழ்வாரத்துக்கு வெளியே ஒரு கொட்டகையும் தனிச் செலவு.

தவணை மட்டுமே பிரச்சினை என்றால் அம்மா எப்படியாவது சமாளித்திருப்பார். அப்பாவின் கவலை வேறு. “பெரிய மிஷினு பெரிய வயிறு. அதுக்குத் தீனி போடணுமே. மாசம் நாலு கதவு கையால முடிக்கிறேன். அது நாப்பது கதவு கேக்கும். அப்புறம் நான் உளிய எடுக்குறது எப்போ?” என்றார். சித்தப்பா சும்மா இருக்கவில்லை. “உளிய எடுக்காமலே நாலு பேரு சம்பாதிக்கிறான், அண்ணே. உங்க தோளு இன்னும் எத்தனை வருசம் தாங்கும்?” என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எவரும் பதில் சொல்லவில்லை. சித்தப்பாவைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவின் தோளைப் பற்றி எங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன். முதலாண்டுச் செய்முறை வகுப்பில் நகரும் நுண்ணோக்கியைத் தொட்ட அன்றே நமக்குச் சொல்லப்பட்டது நினைவிருக்கும்: திருகை எப்போதும் ஒரே திசையில் திருப்பி அளவெடு, முன்னும் பின்னுமாகத் திருப்பினால், திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி அளவில் புகுந்துவிடும். இதைப் பின்னடைவுப் பிழை என்போம். எங்கள் பொறி உருவம் செதுக்கும்போது நிலம் உழுவது போல வலம் போய், சற்றுத் தள்ளி, இடம் வரும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியளவு கோடு தள்ளிப் போனால், ஒன்றுவிட்டு ஒரு கோடு விலகி நிற்கும். ஓரத்தில் தெரிந்த பல் வேறொன்றுமில்லை, இதுவேதான்.

பழக்கமான லேத் பட்டறையில் டயல் கேஜ் ஒன்றை இரவல் கேட்டேன். அது நூறில் ஒரு மி.மீ. வரை காட்டும். சட்டத்தை வலப்பக்கமாக 5 மி.மீ. நகர்த்தி, முள்ளைச் சுழியில் வைத்து, இடப்பக்கமாக 1 மி.மீ. போகச் சொன்னேன். முள் 0.62 காட்டியது. ஆக 0.38 மி.மீ. எங்கோ தொலைகிறது. பத்து முறை எடுத்தும் நூறில் ஒன்றிரண்டுக்கு மேல் மாறவில்லை. பிறகு தண்டின் கோடியில் உள்ள பேரிங் கட்டையைத் திறந்தோம். பூட்டு நட்டு தளர்ந்து, தண்டே முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டு மரத்தூளும் அங்கே குடியிருந்தது. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. அன்று மாலை வீடே தும்மியது. துடைத்து, எண்ணெயிட்டு, நட்டை இறுக்கி, மீண்டும் அளந்தால் 0.21. இந்த மீதி, தண்டும் நட்டும் தேய்ந்த தேய்மானம். சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை என்று முள்ளே சொல்லிவிட்டது.

இந்த 0.21 எங்களுக்குப் பெரிதா, சிறிதா? அப்பா கைவேலைக்கென்று உருவத்தின் மேல் அரை மி.மீ. ‘தோல்’ விட்டுத்தான் பொறியில் செதுக்குவார். வளைந்த வாயுள்ள உளியால் அந்தத் தோலை எடுக்கும்போது 0.21 மி.மீ. பல்லும் அதோடு சீவலாகப் போய்விடும். பொறியோடு வேலை முடிந்துவிடுகிற வீட்டில் அந்தத் தண்டை உடனே மாற்றவேண்டும்; உளியோடு முடிகிற வீட்டில் அது இன்னும் சில காலம் ஓடும். பழையதா புதியதா என்பதைப் பொறியின் வயதை வைத்து எங்களால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பின் யார் கை வைக்கிறார் என்பதை வைத்தே சொல்ல முடிந்தது.

பெயர்ப் பலகையும் சாளர வேலையும் இதற்கு விலக்கு. அவற்றில் கைவேலை குறைவு. எழுத்தின் ஓரத்தில் பல் இருந்தால் பளிச்சென்று தெரியும். அங்கே நம் ஆய்வக விதியையே பொறிக்கும் விதித்தேன். இறுதிச் சுற்றைப் போகும் திசையில் மட்டும் வெட்டி, திரும்பும்போது கருவியைத் தூக்கிக்கொண்டு வரும்படி நிரலில் மாற்றினேன். நேரம் கூடும். கணக்கிட்டுப் பார்த்தேன்: ஓரடிக்கு இரண்டடிப் பலகையை, அதாவது 300-க்கு 600 மி.மீ.யை, கோட்டுக்குக் கோடு 0.4 மி.மீ. தள்ளி வெட்டினால் 750 கோடுகள், மொத்தம் 450 மீட்டர் பயணம். நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகத்தில் மூன்றே முக்கால் மணி. வெட்டாமல் திரும்பும் பயணம் இரட்டை வேகம் என்றாலும் ஏறக்குறைய இரண்டு மணி கூடுகிறது. அந்த இரண்டு மணியில் அப்பா பக்கத்தில் அமர்ந்து முந்தைய பலகையை முடித்துவிடுகிறார். ஆகவே அது எங்களுக்கு நட்டமாகப் படவில்லை.

முடிவில் வாங்கியவை இவை: ஸ்பிண்டிலுக்குப் புதுப் பேரிங்குகள், மாற்றும் கூலியோடு 4,200 ரூபாய். கணிப்பொறிக்குப் பதிலாகப் பென்டிரைவில் படம் ஏற்றி ஓட்டும் கைப்பெட்டிக் கட்டுப்பாட்டுக் கருவி, 14,500. நைந்துபோன கம்பிகளுக்கு 1,800. ஆக 20,500 ரூபாய். கம்பிகளை நானும் அண்ணனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றினோம். “பொட்டப்புள்ள கையில ஸ்பானரா?” என்று எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து கடைசிவரை வேடிக்கை பார்த்தார், மறுவாரம் தம் வீட்டு மின்விசிறியைப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

சித்தப்பாவுக்கு இன்னும் சம்மதமில்லை. ஆயினும் சேலத்தில் ஒரு வீட்டுக்கு வேண்டிய இரண்டு வாசற்கதவுகளின் கையோட்ட வேலையை எங்களிடமே கொண்டுவந்து போட்டார். அவர் கேட்ட தோள் கேள்விக்குப் பதிலாக, அப்பா இப்போது காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி மட்டுமே உளி பிடிக்கிறார். அண்ணனை முதன்முறையாக முகம் செதுக்க உட்கார்த்தியிருக்கிறார். அண்ணன் செதுக்கிய முதல் லட்சுமிக்குச் சற்றே கோபமுகம். அதை விற்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதென்றும், 0.40-ஐத் தாண்டினால் தண்டையும் நட்டையும் சேர்த்து மாற்றுவதென்றும் பேசி வைத்திருக்கிறோம். தாழ்வாரச் சுவரில் அப்பா கரித்துண்டால் 0.21 என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே அம்மா அன்றைய தேதியைப் போட்டு, 20,500 என்றும் எழுதி வைத்திருக்கிறார்.