லோடு எவ்வளவு?

பள்ளிப்பட்டுக் கடைத்தெருவில் பட்டறைக்கு வழி கேட்டேன். "கத்திப் பட்டறையா, பட்டைப் பட்டறையா?" என்று திருப்பிக் கேட்டார் டீக்கடைக்காரர். நான் தேடிப்போனது பட்டைப் பட்டறை. லாரி, வேன், பிக்கப் வண்டிகளுக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, அடித்து வளைத்து, மறுபடியும் கட்டித் தருகிற இடம் அது. ஒரு புளியமரம், அதன் கீழே தகரக் கொட்டகை, எண்ணெய் குடித்துக் கறுத்த மண். திருத்தணியோடு சேர்ந்து இந்தப் பக்கமும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. எல்லைக் கோடு மாறினாலும் வீட்டில் பேசும் தெலுங்கு மாறவில்லை. பட்டறைப் பையன் மேஸ்திரியை 'நைனா' என்றுதான் கூப்பிடுகிறான். திட்டு வாங்குவது மட்டும் தமிழில்.

நான் போனபோது ஒரு போலிரோ பிக்கப் பின்பக்கம் தூக்கி முட்டுக்கட்டை மேல் நின்றது. நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி. சொந்தக்காரருக்கு முப்பது வயதிருக்கும்; நெடியம் பக்கம் மாந்தோப்பு, கொஞ்சம் கரும்பு.

"மேஸ்திரி, ரெண்டு இன்ச்சு தூக்கிக் குடுங்க. டயரும் பெருசா மாத்திக்கறேன்."

மேஸ்திரி வண்டிக்கு அடியிலிருந்தே கேட்டார்: "லோடு எவ்வளவு அடிப்ப?"

"மாங்கா சீசன்ல ஒண்ணரை டன் வரும்."

"சும்மா எத்தன மாசம் ஓட்டுவ?"

"எட்டு மாசம் காலி வண்டிதான்."

"அப்ப உனக்கு ரெண்டு வண்டி வேணும் தம்பி" என்றபடி வெளியே வந்தார்.

கேலி போலத்தான் இருந்தது. அன்று மாலைக்குள் அவர் செய்து முடித்ததும் அதைத்தான்: ஒரே வண்டிக்குள் இரண்டு வண்டி.

முதலில் பட்டைக் கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் கழன்றன. அடுத்து நடுவே குத்தி நிற்கும் சென்டர் போல்ட். பட்டைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தபோது வலப்பக்கத்து இரண்டாம் பட்டை இரண்டு துண்டாக வந்தது. போல்ட் போகும் ஓட்டையின் ஓரத்தில் சரியாக முறிந்திருந்தது. மேஸ்திரி முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். பாதி முகம் கறுத்து மழமழவென்றிருந்தது. மீதிப் பாதி சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் பளபளத்தது.

"கறுப்பா இருக்கறது பழைய விரிசல் சார். மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. வெள்ளையா இருக்கறது கடைசியா ஒரே குழியில பட்டுனு போனது. யூ போல்ட் தளர்ந்து ஓடியிருக்கான். அது இறுக்கமா இருந்தா இந்த ஓட்டை மேல பாரமே உழாது."

உலோகச் சோர்வு என்று பாடப் புத்தகத்தில் பல பக்கங்களுக்குப் போகிற சங்கதி இது. ஓட்டை இருக்கும் இடத்தில் இழுவிசை குவியும், அங்கேதான் விரிசல் பிறக்கும்.

வெல்டு வைத்து ஒட்டினால் என்ன என்று கேட்டுவிட்டேன். மேஸ்திரி சிரித்தார். கை கால் முறிந்தவர்களைச் சென்னையிலிருந்துகூடக் கூட்டிப் போகிறார்களே, அந்தப் புத்தூர் கட்டுக்காரர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். "அங்க பச்சிலையும் மூங்கில் பத்தையும் வெச்சுக் கட்டினா எலும்பு தானா கூடிக்கும். இது கூடாது சார். நெருப்பு பட்ட எடத்துல பட்டை தன் குணத்த உட்டுடும்."

அவர் குணம் என்றதற்கு விளக்கம் உண்டு. பட்டைக்கு எடுப்பது சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த எஃகு. ஆலையில் அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குகிறார்கள். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதால், குறைந்த சூட்டில் மறுபடி காட்டிப் பதப்படுத்துகிறார்கள். வளைந்தது திரும்ப நிமிர்வது அந்தப் பதத்தால்தான். வெல்டிங் சூடு அதைக் குலைத்துவிடும். அதனால்தான் இங்கே உலையில் போடாமல் பச்சையாகவே அடிக்கிறார்கள்.

அந்த அடியைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். பள்ளம் விழுந்த இரும்புக் கட்டையின் மேல் பட்டையைக் கிடத்தி, பையன் ஒரு முனையைப் பிடித்து விரற்கடை விரற்கடையாக நகர்த்துகிறான். மேஸ்திரி சம்மட்டியால் போடுகிறார். ஒரு பட்டைக்கு எழுபது அடி வரை எண்ணிவிட்டு விட்டேன். ஒவ்வோர் அடியும் ஒரே அளவு. ஓங்கி ஒன்று, மெதுவாக ஒன்று என்று கிடையாது. அப்படி விழுந்தால் வளைவில் முட்டு விழுமாம். நடுவில் நிறுத்தி, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட வில்கோட்டின் மேல் பட்டையை வைத்துப் பார்க்கிறார். இரண்டு முனைக் கண்களுக்கும் நூல் கட்டி, நடுவில் எத்தனை விரல் இறக்கம் என்று அளக்கிறார். இடப்பக்கமும் வலப்பக்கமும் அரை விரல் மாறினாலும் வண்டி தோளைச் சாய்த்து நடக்கும்.

நம் ஊரில் வில்வண்டி என்ற பெயரே இந்தப் பட்டையால் வந்ததுதான். லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் 1804-இல் கோச்சு வண்டிக்கு வில்பட்டை வைக்கக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் கட்டை வண்டிக்கும் கனவான் வண்டிக்கும் வித்தியாசம் முதுகெலும்புக்கே தெரிந்தது. திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893-இல் தன் சாதியினருக்குத் தடுக்கப்பட்ட பொதுவழியில் ஓட்டிப்போனதும் வில்லுவண்டியைத்தான்.

பிக்கப்காரர் பொறுமை இழந்தார். "இன்னும் ஒரு பட்டை கூடப் போட்டா தூக்கிடாதா மேஸ்திரி?"

தூக்கும். ஆனால் வண்டி மாடு உதைப்பது போல் உதைக்கும். வளைவைக் கூட்டினால் உயரம் கூடும், விறைப்பு அப்படியே இருக்கும். பட்டையைக் கூட்டினால் விறைப்பும் கூடும். பருமனைக் கூட்டினால் கேட்கவே வேண்டாம். 7 மில்லிமீட்டர் பட்டையை 8 ஆக்கினால் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும், ஏனென்றால் பருமன் மும்மடி கணக்கில் வேலை செய்கிறது. மேஸ்திரிக்கு மும்மடி தெரியாது. "ஒரு நூல் தடிச்சா ஓராள் பாரம்" என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். போதும்.

அவர் கொடுத்த தீர்வு இது. பழைய பட்டைகளை அடித்து இழந்த வளைவை மீட்பது. முறிந்ததற்குப் புதுப் பட்டை. அடியில் தட்டையாக ஒரு ஹெல்பர் பட்டை. காலி வண்டியில் மேலே உள்ளவற்றைத் தொடாமல் சும்மா நிற்கும், மாங்காய் ஏறி மற்றவை தாழ்ந்து வரும்போதுதான் தோள் கொடுக்கும். எட்டு மாதத்துக்கு ஒரு வண்டி, நாலு மாதத்துக்கு இன்னொன்று. கிடைத்த உயரம் இரண்டு இன்ச் இல்லை, ஒன்றுதான். அதற்கு மேல் போனால் பின் ஆக்சிலைச் சுழற்றும் கார்டன் ஷாஃப்டின் கோணம் கெட்டு, அதன் மூட்டில் உள்ள கிராஸ் அடிவாங்கும். இன்னொரு ஆபத்து வெளியில் தெரியாது. பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்த வால்வு, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புகிறது. வண்டியைத் தூக்கிவிட்டால் அது லோடு இல்லை என்று ஏமாந்து, ஒண்ணரை டன்னோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும். மேஸ்திரி அந்தக் கம்பியையும் அளந்து சரிசெய்தார். இதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

டயர் விஷயத்தில் அவர் ஒரே வரியில் முடித்தார்: "பட்டை தூக்கறது உடம்ப. வயித்தத் தூக்கறது டயருதான்." வயிறு என்றது பின் ஆக்சில் நடுவே தொங்கும் ஹவுசிங்கை. வரப்புக் கல் தட்டுவது அதன் மேல்தான். பட்டையை எவ்வளவு வளைத்தாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 215/75 R15 டயரை 235/75 R15 ஆக்கினால் விட்டம் 30 மில்லிமீட்டர் கூடும், ஹவுசிங் அதில் பாதி, 15 மில்லிமீட்டர் உயரும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். பதினைந்து மில்லிமீட்டருக்கு இத்தனை செலவா என்று எனக்கே தோன்றியது. பிக்கப்காரர் அதே அளவில் முரட்டுப் பட்டன் வைத்த டயர் போதும் என்று இறங்கி வந்தார். சேற்றில் பிடிப்பது உயரம் அல்ல, பட்டன்தான்.

இந்த வட்டாரத்துக்கு டயரும் பிக்கப்பும் வெளியூர்ச் சரக்கு அல்ல. அரக்கோணம் பக்கத்து இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது. எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் இசுசு 2016-இல் தொழிற்சாலை திறந்து வி-கிராஸ் பிக்கப்பை இறக்கியது. மதியம் அப்படி ஒரு வி-கிராஸும் வந்தது. கறுப்புக் கண்ணாடி இளைஞர். நாலு இன்ச் வேண்டுமாம். அதே கேள்வி: "லோடு எவ்வளவு?" "லோடெல்லாம் இல்லண்ணா, கெத்துக்கு." மேஸ்திரி கையை விரித்தார். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "தேஞ்சத பழையபடி ஆக்கறதுதான் என் வேல தம்பி."

பிக்கப்காரர் உண்மைக் காரணத்தைக் கடைசியில்தான் சொன்னார். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு பெருகி நெடியம், சாமந்தவாடா தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். ஊருக்குப் போக வழி இருக்காது. வண்டி உயரமாக இருந்தால் கடந்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

மேஸ்திரி சம்மட்டியைக் கீழே வைத்தார். "ஓடற தண்ணியில உசரமான வண்டிதான் மொதல்ல சாயும். தூக்க வேண்டியது பாலத்த. அதுக்கு வேற பட்டறைக்குப் போவணும்."

முறிந்த பட்டைத் துண்டுகளைப் பையன் தராசில் போட்டான். வாங்க வந்தவர் கத்திப் பட்டறைக்காரர். கரும்பு வெட்டும் கத்திக்கு லாரிப் பட்டையை விட்டால் வேறு இரும்பு ஆகாது என்றார். திருவாலங்காட்டு ஆலைக்குப் போகிற கரும்பில் தன் கத்தி பட்டதுதான் பாதி என்றும் சொன்னார். பாதி அதிகம் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் வண்டி இறங்கியது. "ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் வந்து யூ போல்ட்ட முறுக்கிக்க, மறக்காத" என்று மூன்று முறை சொன்னார். ஓட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் ஏற்ற மூட்டை இல்லை. பையன் ஏறினான், கத்திப் பட்டறைக்காரர் ஏறினார், டீ கொண்டுவந்தவரும் ஏறினார். மேஸ்திரி என் பக்கம் திரும்பி மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எவ்வளவு சார்?"

"எண்பத்தி மூணு."

"ஆக்சிலுக்கு மேல வந்து நில்லுங்க."