இரைச்சலுக்குக் காரணம்

கோவளத்தில் என் அறைக்கு வருவோர் சில மாதங்களாகச் சற்றுத் திகைக்கின்றனர். திருப்பலிப் புத்தகமும் பங்குப் பதிவேடுகளும் இருக்க வேண்டிய மேசையில் மின்சார பேஸ் கிட்டார் ஒன்று கிடந்தது. அதைச் சுற்றித் திருப்புளிகள், எண்ணெய்க் குப்பி, ஈயக் கம்பி, பழைய பல்துலக்கும் தூரிகை. "இந்த வயதில் சுவாமிக்கு என்ன ஆசை?" என்று வாய்விட்டுக் கேட்டவர் எங்கள் உபதேசியார் ஒருவரே. மற்றவர்கள் மரியாதை கருதிப் புன்னகையோடு போய்விட்டனர். அவருக்கு அன்று மழுப்பலாக ஒரு விடை சொன்னேன். உண்மையான விடையை வாசக அன்பர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2009ஆம் ஆண்டு. தாம்பரத்தை அடுத்த ஒரு பங்கில் அப்போது பணியாற்றி வந்தேன். பாடகர் குழுவில் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் இருந்தான். காலையில் செய்தித்தாள் போட்டும் மாலையில் மின்பணியாளர் ஒருவரிடம் உதவிக்குப் போயும் சேர்த்த பணத்தில், பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கி வந்தான். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பூந்தமல்லிக் குருமடத்தில் ஆர்மோனியத்தோடு பாடிப் பழகிய செவி என்னுடையது. குழாய் ஆர்கனைச் சிறப்பித்துக் கூறும் 1963ஆம் ஆண்டின் திருவழிபாட்டு ஏடு, தக்க அதிகாரிகளின் இசைவோடு, வழிபாட்டுக்குப் பொருந்தும் மற்ற இசைக்கருவிகளையும் ஏற்கிறது என்பதை நான் அறியாதவன் அல்லேன். அறிந்திருந்தும் அரைமனத்தோடுதான் அனுமதித்தேன்.

ஒரு ஞாயிறு, எழுந்தேற்ற வேளை. ஆலயம் முழுவதும் அமைதியாக இருந்தபோது, ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வண்டுக் கூட்டம் போல் ஓர் இரைச்சல் கிளம்பிற்று. நிற்கவே இல்லை. திருப்பலி முடிந்ததும், மக்கள் கலையுமுன், எல்லார் முன்னிலையிலும் அவனைக் கண்டித்தேன். "நான் ஒலியை முழுவதும் குறைத்துத்தான் வைத்திருந்தேன், சுவாமி" என்றான். "பீடத்தின் முன் நின்று பொய் சொல்லாதே" என்றேன்.

அவன் மறுமொழி கூறவில்லை. கிட்டாரை உறையில் இட்டுக்கொண்டு நடந்தான். அதன்பின் பாடகர் குழுவுக்கு வரவில்லை. சில ஆண்டுகளில் வேலை தேடி வளைகுடா நாட்டுக்குச் சென்றுவிட்டான் என்று கேள்வியுற்றேன். எனக்கும் மாற்றல் வந்தது. நானும் அதை மறந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு அப்பங்கின் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, அவனுடைய தாய் என்னை வீட்டுக்கு அழைத்தார். பரணிலிருந்து, பழைய சேலையில் சுற்றிய அந்தக் கிட்டாரை இறக்கி என் முன் வைத்தார். "அவன் இதைக் கேட்கவும் இல்லை, விற்கச் சொல்லவும் இல்லை, சுவாமி. கிடந்து பாழாகிறது. உங்கள் பங்கில் யாராவது பிள்ளைக்கு ஆகுமா பாருங்கள்" என்றார். பழைய ஞாயிறைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வற்புறுத்தி அவர் கையில் மூவாயிரம் ரூபாயை வைத்துவிட்டு அதைக் கோவளத்துக்குக் கொண்டு வந்தேன்.

கோவளத்துக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கேளம்பாக்கத்து உப்பளங்கள். 1808இல் ஜான் டிமாண்டி எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் இரு நூற்றாண்டுகளாக இந்த உப்புக் காற்றில்தான் நிற்கிறது. சன்னல் கீலும் மிதிவண்டிச் சங்கிலியும் இங்கே ஓராண்டு தாங்குவது அரிது. ஏற்கெனவே துருப்பிடித்த கருவியை இப்படியே வைத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்று தோன்றிற்று. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்திருக்கலாம். ஏனோ, நானே செய்ய வேண்டுமென்று பட்டது.

எனக்கு வீணையின் சொற்கள்தாம் தெரியும். ஆகவே அவற்றைக் கொண்டே இதையும் கற்றேன். நீண்ட கழுத்து தண்டி. அதன் குறுக்கே பதித்தவை மெட்டுகள். தந்தியை முறுக்குபவை பிரடைகள். தந்தி ஏறி நிற்பது குதிரை. வீணையில் குடம் ஒலியைப் பெருக்குகிறது. இதில் குடம் இல்லை. உடல் வெறும் கட்டை. தந்திகளின் அடியில் காந்தமும், அதைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றாக மயிரிழை போன்ற செப்புக் கம்பியும் உண்டு. இரும்புத் தந்தி அசையும்போது காந்தப்புலம் அசைகிறது. செப்புச் சுருளில் நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெருக்கித்தான் பெட்டி பாடுகிறது.

இக்கருவியைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். 1951இல் அவருடைய பேஸ் கிட்டார் விற்பனைக்கு வந்தது. அதற்குமுன் கீழ்ச் சுரத்துக்கு ஆளுயரமுள்ள டபுள் பேஸையே தூக்கிச் செல்ல வேண்டும். வியப்பு என்னவெனில், ஃபெண்டர் வானொலி பழுதுபார்த்து வந்தவர். கிட்டார் வாசிக்கவே தெரியாதவர். இது எனக்குப் பெரிய ஆறுதலாயிற்று. நம் திரைப்பாடல்களில் இளையராஜா இக்கருவிக்குத் தந்த இடத்தை இசையறியாதவரும் உணர்வர். பெயர் தெரியாவிட்டாலும், பாட்டின் அடியில் அது நடந்து போவது நம் காதில் விழுந்திருக்கும்.

முதலில் தந்திகளைத் தளர்த்தினேன். நான்கும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேலான விசையோடு தண்டியை இழுத்துக்கொண்டிருக்கும். ஆதலால் சடுதியில் வெட்டக் கூடாது, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். குதிரையின் திருகாணிகள் துருவில் உறைந்திருந்தன. ஆத்திரத்தில் ஒன்றன் தலையை மழுக்கிவிட்டேன். ஆலயத்தில் மின்வேலை செய்யும் பெரியவர் பார்த்துச் சிரித்தார். "எண்ணெய் விட்டுட்டு நாளைக்கு வாங்க, சுவாமி. துரு அவசரத்துக்கு அசையாது" என்றார். மற்றவற்றுக்கு எண்ணெய் விட்டு மூன்று நாள் பொறுத்தேன். ஒவ்வொன்றாக அசைந்து கொடுத்தன.

அடுத்து, இரும்புப் பஞ்சால் மெட்டுகளைத் தேய்த்தேன். மெட்டுகள் பளபளத்தன. ஆனால் உதிர்ந்த இரும்புத் தூள் முழுவதையும் காந்தங்கள் இழுத்துத் தாடி வளர்த்துக்கொண்டன! காந்தத்தைக் காகிதத்தால் மூடாமல் தேய்த்தது கற்றுக்குட்டியின் பிழை. ஒட்டும் நாடாவை ஒற்றி ஒற்றி எடுக்க இரண்டு மாலைகள் கழிந்தன.

தண்டி சற்று வளைந்திருந்தது. அதனுள்ளே ஓர் எஃகுக் கம்பி மறைந்திருக்கிறது. தந்திகள் முன்னே இழுக்க, அது எதிர்ப்புறமாக நின்று சமன் செய்கிறது. ஆணியை ஒரே மூச்சில் திருகினால் மரம் பிளக்கலாம். கால் சுற்றுத் திருகுவது, ஒரு நாள் விடுவது, மீண்டும் பார்ப்பது என்று ஒரு வாரம் சென்றது. அண்ணா சாலைக்குப் போய்ப் புதிய தந்திகள் வாங்கி வந்தேன். நான்கையும் ஏற்றி, மிகத் தடித்த தந்தியைச் சுருதி சேர்த்துத் தட்டினேன். வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். காதுக்கு முன்னே நெஞ்சுக்குத்தான் அது கேட்டது.

உடனே, பின்னாலேயே, அந்த வண்டுக் கூட்டமும் வந்தது.

பல ஆண்டுகளுக்குப் பின் அதே இரைச்சல். ஒலிக் குமிழை முழுவதும் குறைத்தேன். இரைச்சல் அடங்கவில்லை; கூடவே செய்தது. மீண்டும் ஏற்றிக் குறைத்தேன். அப்படியேதான். கை நடுங்க அப்படியே அமர்ந்துவிட்டேன்.

மறுநாள் பெரியவர் வந்து பின் மூடியைக் கழற்றினார். ஒலிக் குமிழுக்கு மூன்று கால்கள் உண்டு. ஒன்றில் காந்தச் சுருளின் மின்சாரம் நுழைகிறது. நடுக்கால் வழியே வெளியே போகிறது. மூன்றாவது கால் எர்த்துடன் இணைந்திருக்க வேண்டும். குமிழை முழுவதும் குறைக்கும்போது நடுக்கால் இந்த எர்த்தோடு சேர்ந்து, ஒலி அடங்குகிறது. "இங்க பாருங்க, சுவாமி" என்று முள்ளின் நுனியால் காட்டினார். மூன்றாவது காலின் ஈயப்பற்று வெடித்து, கம்பி தனியே நின்றது. "இது விட்டுப்போனா எவ்வளவு குறைச்சாலும் இரையும். வாசிக்கிறவன் மேல தப்பில்லை. வெளியிலிருந்து பார்த்தா தெரியவும் தெரியாது."

வெடித்த பற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நேற்று விட்ட பற்று அல்ல அது.

அவன் உண்மையைத்தான் சொல்லியிருந்தான். பொய் சொன்னவன் நான். அறியாமல் சொன்னேன் என்று என்னைத் தேற்றிக்கொள்ள முயன்றேன், முடியவில்லை. அன்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மூடியைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னமே பிடிக்காத கருவி. ஆகவே விசாரணையின்றித் தீர்ப்பளித்தேன். வாரந்தோறும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவன், பீடத்தின் முன் ஒரு பிள்ளை சொன்ன ஒரே வாக்கியத்தைக் கேட்கவில்லை.

அந்தக் கம்பியைப் பற்றவைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் முறை ஈயத்தை உருக்கி மேலே சொட்டினேன். மங்கலாக உருண்டு நின்றது, தொட்டதும் விழுந்தது. "ஈயத்தைச் சுட வைக்காதீங்க. சேர வேண்டிய இடத்தைச் சுட வைங்க, ஈயம் தானா ஓடிவரும்" என்றார் பெரியவர். இரண்டாம் முறை பற்றியது. குமிழைக் குறைத்தேன். அறையில் கடலோசை மட்டும் கேட்டது.

வேலை அத்துடன் முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தாயிடம் எண் பெற்று அவனோடு தொலைபேசியில் பேசினேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் மறுமுனையில் ஓசையில்லை. பிறகு ஒன்றுதான் கேட்டான்: "அம்மாவிடம் சொன்னீர்களா, சுவாமி?"

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பங்குத்தந்தை சொல்லிவிட்டார் என்பதால், பெற்ற தாயும் அவனை நம்பவில்லை. நான் ஒரு பாடகனைக் குழுவிலிருந்து விரட்டியதோடு நிற்கவில்லை. ஒரு வீட்டுக்குள்ளும் புகுந்து பிளவு செய்திருந்தேன்.

பலர் முன் சுமத்திய பழியைத் தனியறையில் துடைப்பது நீதியாகாது. அப்பங்கின் இன்றைய குருவானவரிடம் இசைவு பெற்று, ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின், அதே பீடத்தின் முன் நின்று, பெயர் குறிப்பிடாமல் நடந்ததைச் சொன்னேன். அறிந்தவர் அறிந்தனர். அவனுடைய தாய் மூன்றாம் வரிசையில் இருந்தார். வாசலில் என் கையைப் பற்றிக்கொண்டு, "அன்றைக்கு வீட்டில் நானும் அவனை ஏசினேன், சுவாமி" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு மகனோடு ஒரு மணி நேரம் பேசினாராம்.

பெற்றோரே, ஆசிரியர்களே, என்னைப் போன்ற மேய்ப்பர்களே! இளையோர் சொல்வதெல்லாம் உண்மையென்று நான் சொல்ல வரவில்லை. தீர்ப்புக்கு முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள் என்றே சொல்கிறேன். நம் பதவியின் கனத்தால், நம் ஒரு சொல் அவர்கள் வீடுவரை போய்த் தாக்கும்.

கிட்டாரைத் திருப்பி அனுப்பவா என்று அவனிடம் கேட்டேன். வேண்டாம் என்றான், அங்கேயே பிள்ளைகள் வாசிக்கட்டும் என்றான். கார்மேல் அன்னையின் திருவிழாவை நோக்கி, மீனவர் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி இப்போது அதில் பழகுகிறாள். தடித்த தந்தியை அழுத்த அவள் விரல் இன்னும் வலிக்கிறதாம். சென்ற வாரம் அவன் மீண்டும் அழைத்தான். நலம் விசாரித்தபின் சொன்னான்: "நான்காவது பிரடை கொஞ்சம் நழுவும், சுவாமி. வாசிக்குமுன் ஒவ்வொரு முறையும் சுருதி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

சொல்லிவிட்டேன். அது நழுவத்தான் செய்கிறது.