தனிக் கடிதம் தொழிலான வரலாறு

தமக்கெனக் குறிப்பெழுதிவரும் இளைஞர் சிலர், "எழுத்துச் சோறிடுமா?" என என்னை வினவுவதுண்டு. அவர்க்கு யான் பீற்றிக்ஸ் பொற்றர் அம்மையாரின் வரலாற்றையே விடையாகக் கூறுவேன்.

இங்கிலாந்தினரான அவ்வம்மையார் 1893ஆம் ஆண்டிலே, தம் பழைய ஆசிரியையின் நோயுற்ற மகனை மகிழ்விக்க, முயற்குட்டியொன்றின் கதையைப் படங்களுடன் கடிதமாக எழுதினார். சிறுவன் பேணிவைத்திருந்த அக்கடிதத்தைப் பின்னர் இரவலாகப் பெற்று நூலாக்கினார். பதிப்பாளர் பலர் மறுத்தனர். அவர் சோர்ந்திலர், 1901இல் தம் பொருள்கொண்டே 250 பிரதிகள் அச்சிட்டார். முன்னர் மறுத்த பதிப்பகமொன்றே 1902இல் அதனை வெளியிட்டது. நூல் வருவாயும் துணைநிற்க, 1905இல் பண்ணையொன்றை வாங்கினார்.

ஊதியங் கருதியன்று, ஒரு சிறுவன் முகமலரவே அவர் எழுதினார். ஒருவர்க்கெனப் பழுதற எழுதியது பலர்க்கும் உரியதாயிற்று. ஓய்வுபெற்றபின் யானும் என் பேரனை எண்ணியே குறிப்பெழுதுகின்றேன். கல்லூரித் தம்பியரும் இதனை உளங்கொள்வாராக.