நான்கு மணி நேரத் தூரம்

ஆடி 5

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தொலைவு ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். உருண்டைப் பூமியின் மேல் இரண்டு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைவின் நீளம் இது. பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் பறக்கும். வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஓடுபாதை வரை ஊர்வதும் மேலேறுவதும் வேகம் தணிந்து இறங்குவதும் சேர்ந்தால் 4 மணி நேரம்.

திருத்தணியில் இன்று விடியற்காலை கோலம் போட உட்கார்ந்த தாய் சாய்ந்து விழுந்தார். மகள் சிங்கப்பூரில். கணக்கு அதற்காகத்தான்.

ஆடி 6

பேச்சு குழறுகிறது. வலக்கை அசையவில்லை.

ஆடி 8

திருத்தணியிலிருந்து மீனம்பாக்கம் சாலைவழி ஏறக்குறைய 85 கிலோமீட்டர். ஆந்திர எல்லை தாண்டி ரேணிகுண்டாவில் இருக்கும் திருப்பதி விமான நிலையம் அதைவிடப் பக்கம். சிங்கப்பூரிலிருந்து நேராக வருபவர் இறங்குவது சென்னையில்தான். இன்னும் பக்கத்தில், அரக்கோணத்தில், கடற்படையின் ராஜாளி தளம். அதன் ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கும் நீளம். கடலைக் கண்காணிக்கும் விமானங்கள் அங்கே ஏறி இறங்குகின்றன. மகள்கள் இறங்க முடியாது. இதை எழுதும்போது நெஞ்சு அடைக்கிறது.

முன்பு சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பல் போய் வந்தது. முதலில் ரஜூலா, பிறகு சிதம்பரம். ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். 1985இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது. அந்த நாளில் செய்தி கேட்டுப் புறப்பட்டவர்கள் எதை நினைத்துக்கொண்டு கடலைப் பார்த்திருப்பார்கள்!

ஆடி 9

மகளுக்கு விடுப்பு கிடைத்தது. தாயிடம் சொன்னதும் கண் திறந்தார்.

ஆடி 12, கிருத்திகை

சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முந்தியது. நேற்று இரவு அங்கே 9 மணிக்குக் கிளம்பிய விமானம் இங்கே பத்தரைக்கு இறங்கியது. சீட்டைப் பார்த்தால் பயணம் ஒன்றரை மணி நேரம் போலத் தெரியும்.

தரையில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. விமானம் பறக்கும் உயரத்தில் இந்த மாதங்களில் காற்று கிழக்கிலிருந்து வீசும். ஊருக்கு வருகிறவர்களைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். இதைப் படித்தபோது வந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

குடியேற்றச் சோதனை, பெட்டி, வாடகைக் கார். இரண்டேகால் மணிக்கு ஊர் எல்லை. அதற்கு மேல் வண்டி நகரவில்லை. பூக்காவடிகள் சாலை முழுவதும். தமிழும் தெலுங்கும் கலந்த அரோகரா. மகள் பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டுக் கூட்டத்தோடு நடந்தாள். வாசலை மிதித்தபோது மூன்றரை. சிங்கப்பூர் வீட்டைப் பூட்டியது, இந்திய நேரப்படி, முந்தின நாள் பிற்பகல் இரண்டரைக்கு. 13 மணி நேரம்.

யாரோ ஒரு காவடிக்காரர் வழியில் அவள் கையில் கொடுத்த சாமந்தி தாயின் தலையணையருகே கிடக்கிறது.

ஆடி 13

தாய் மகள் பெயரைச் சொன்னார். பாதிதான் வந்தது.

ஆடி 20

மகள் திரும்பினாள். கிழக்கே போகிற விமானத்துக்கு அதே காற்று எதிரே நிற்கும். சில நிமிடங்கள் கூடும். மாலையில் தாய் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார். நான்கில் நிறுத்தவில்லை.