கேட்கும் பொறி

தமிழ் அச்சின் தொடக்கத்தைப் பற்றி மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் புன்னைக்காயலின் பெயரை நாம் சொல்லாமல் விட்டதில்லை. ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'அடியார் வரலாறு' 1586-ல் அவ்வூரில் அச்சேறியது என்பர் வரலாற்றாசிரியர். காயல்பட்டினத்துக்கு அண்டை ஊராயிருந்தும், ஐம்பது வயது கடந்த பின்னரே அவ்விடத்தைக் காணும் எண்ணம் நமக்கு வந்தது. சென்ற மாதம் ஒருநாள் போனோம். அச்சகம் இருந்த இடத்தைக் காட்டுவார் நமக்கு எவரும் வாய்க்கவில்லை. தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் வள்ளங்கள் ஒதுங்கி நின்றன. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒருவர் தம் கைப்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு, இன்னாருக்கு இத்தனை கிலோ, இன்ன விலை என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து ஸலாம் சொன்னார்.

"ஆலிம்சா, என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. தெரியாதிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அக்கணம் தோன்றியது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓத வந்த பிள்ளை அவர். எழுத்தைக் காட்டினால் விழிப்பார். ஓதிக் காட்டினால் ஒருமுறை கேட்டதைப் பிசகாமல் திருப்பி ஓதுவார். இத்தனை கூர்மையான செவி உடையவனுக்கு எழுத்து மட்டும் ஏறாதா, இது திமிரன்றி வேறென்ன என்று நாம் முடிவு கட்டினோம். பிரம்பையும் எடுத்தோம். ஒருநாள் கிதாபை மூடி வைத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

"எழுத்து இன்னும் வரல ஆலிம்சா. நான் பேசினா இது எழுதிக்குது. பள்ளிக்கூடத்துல இருந்து மகளைப் பத்தி ஏதும் வந்தா இது வாசிச்சுச் சொல்லுது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார். நம் கைப்பேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் பொறியியல் படிக்கும் மகளிடம், இந்தப் பொறிக்குச் செவி தந்தவர் யார் என்று கேட்டோம். "ஒருத்தர் இல்லை வாப்பா, நிறையப் பேர். ஆனால் ராஜ் ரெட்டியில் இருந்து தொடங்கலாம்" என்றாள்.

ராஜ் ரெட்டி 1937-ல் காட்டூர் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த சித்தூர் மாவட்டத்து ஊர் அது. சிறுவயதில் மணலில் எழுதிப் பழகியதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவரும் அவரே. 1958-ல் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்றார்; படித்தது கட்டடப் பொறியியல்! பின்னர் ஆஸ்திரேலியா, அங்கிருந்து அமெரிக்கா. ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் பயின்று 1966-ல் முனைவரானார். 'செயற்கை அறிவு' என்னும் துறைக்குப் பெயர் சூட்டியவர் அந்த மெக்கார்த்தி. 1969 முதல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமே ரெட்டியின் களமாயிற்று.

அவர் எடுத்துக்கொண்ட வேலை, மனிதர் பேசுவதைப் பொறிக்கு விளங்க வைப்பது. இதன் கடுமை ஓதிக்கொடுக்கும் நம் போன்றோருக்கு உடனே புரியும். தொண்டையின் நடுவிலிருந்து வரும் ஹாவையும் அடித்தொண்டையிலிருந்து வரும் ஹாவையும் பிரித்துக் கேட்கப் பிள்ளைகளுக்கு எத்தனை மாதம் ஆகிறது! தமிழிலோ 'கடல்', 'நகம்', 'சங்கு' மூன்றிலும் எழுத்து ஒன்று, ஓசை மூன்று. போதாக்குறைக்கு, பேசுகிறவர் எவரும் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. ஓசையை மட்டும் நம்பினால் பொறி தடுமாறும். ஆகவே ரெட்டியின் குழுவினர் 'ஹியர்சே' என்னும் அமைப்பில் சதுரங்கத்தைத் துணைக்கு அழைத்தனர். வாயால் சொல்லும் நகர்த்தலைப் பொறி கேட்கும். காதில் விழுந்தது ஐயமாயிருந்தால், அந்நிலையில் ஆடக்கூடிய நகர்த்தல்கள் எவையெனப் பார்த்துத் தெளியும். பின்வந்த 'ஹியர்சே-2' நமக்கு இன்னும் பிடித்தது. ஓசை அறிந்த பகுதி, சொல் அறிந்த பகுதி, இலக்கணம் அறிந்த பகுதி எல்லாம் தத்தம் ஊகத்தை ஒரு பொதுக் கரும்பலகையில் எழுதும். ஒன்றை ஒன்று திருத்தும். நல்ல மதரஸாவின் உஸ்தாதுகள் கூடியிருந்து ஒரு மாணவனின் தேர்வுத்தாளைப் பார்ப்பதுபோல! 1976-ல் அங்கே உருவான 'ஹார்ப்பி' 1,011 சொற்களை அறிந்திருந்தது. இன்றைய கைப்பேசியின் முறை வேறு. பேச்சுப் பதிவுகளை ஆயிரக்கணக்கான மணி நேரம் கேட்டுத் தானே பழகிக்கொள்வது. எனினும், ஆகாத காரியம் என்று பலர் ஒதுங்கிய நாளில் அதை மேற்கொண்டவர்களுள் முன்னவர் அவர்.

1979-ல் கார்னகி மெலனில் ரோபோ ஆய்வு நிலையம் தோன்றியபோது அதன் முதல் இயக்குநரானார். 1991 வரை அப்பொறுப்பில் இருந்தார். மனிதர் நுழையவியலாத திரீ மைல் ஐலண்டு அணு உலையின் அடித்தளத்துக்குள் இறங்கிய பொறி அந்நிலையத்தார் செய்தது. 1995-ல் அவர்களின் வண்டியொன்று பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியாகோ வரை ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர் ஓடிற்று. பெரும்பகுதித் தொலைவுக்குத் திசைதிருப்பியை மனிதக் கை தொடவில்லை. 1994-ன் டூரிங் விருதை எட்வர்ட் ஃபைகன்பாமுடன் பகிர்ந்துகொண்டார். 2001-ல் பத்மபூஷண் பெற்றார்.

1206-ல் அல்-ஜஸரி எழுதிய நூலில் கைகழுவ நீர் வார்க்கும் பொறிப்பாவை உண்டென்று நாம் மேடைதோறும் பெருமை பேசியதுண்டு. அதற்குப்பின் எண்ணூறு ஆண்டுகளாக யார் என்ன செய்தார் என்று நாம் கேட்டதில்லை.

விருதுகளைவிட நம் மனத்தைத் தைத்தது வேறொன்று. ஏழை நாடுகளின் மக்களுக்கும் கணிப்பொறியைக் கொண்டு சேர்க்கவென்று பாரிஸில் தொடங்கிய மையத்தில் ரெட்டி தலைமை அறிவியலாளராய் இருந்தார். 1984-ல் பிரெஞ்சு அரசின் லெஜியன் விருது அதற்காகவே வந்தது. எழுத்தறியாதவருக்கும் இப்பொறி உதவ வேண்டும் என்பதைப் பிற்காலத்திலும் அவர் விடாமல் வலியுறுத்தினார். எழுத்து வராதவர்பால் பொறி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அங்கே ஒருவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அத்தகைய பிள்ளை ஒன்று நம் எதிரிலேயே அமர்ந்திருந்தது; நாம் பிரம்பைத் தேடினோம். எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடாத குறைபாடு ஒன்று உண்டென்றும், அறிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் பின்னாளில் படித்தோம். படித்த அன்றும் அவரைத் தேடிப் போகவில்லை.

புன்னைக்காயலிலிருந்து வந்த மூன்றாம் நாள் இரவு, கைப்பேசியில் அவர் குரல் வந்தது. அன்று பாதியில் நின்ற 'வள்ளுஹா' அத்தியாயத்தை முழுவதும் ஓதி அனுப்பியிருந்தார். எங்கோ கேட்டுக் கேட்டே பாடமாக்கியிருக்கிறார். முதற்சொல்லின் ஹா மட்டும் நடுத்தொண்டையை விட்டு அடித்தொண்டைக்கு இறங்கியிருந்தது. எப்பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும் என்று மகளிடம் கேட்டோம். காட்டிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு அந்த ஹாவை மூன்று முறை ஓதிக் காட்டினோம்.